பொதியே, நீ எங்கே? மெய்நிகர் கணுக்களுக்கு இடையில் தொலையும் பொதிகளைத் தேடும் பி.டபிள்யூ.ஆர்.யூ கருவி பற்றிய மதிப்பீடு

திருகோணமலை உவர்மலையில் ஒரு சிறிய அறையில் வலையமைப்புச் செய்முறை வகுப்புகளை நடத்திவருகிறேன். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், நிலாவெளி ஆகிய இடங்களிலிருந்தும் நகரத்துக்குள்ளிருந்தும் வருகின்ற மாணவர்கள் ஒரு தவணைக்குப் பன்னிரண்டு பேரைத் தாண்டுவதில்லை. முன்னர் பழைய ஆளிகளையும் ரூட்டர்களையும் கொழும்பில் வாங்கி லொறியில் ஏற்றிவந்து கற்பித்தோம். கடற்காற்றின் உப்பு அவற்றின் செருகுவாய்களை மூன்று ஆண்டுகளுக்குள் அரித்துவிட்டது. ஆகவே இப்போது 32 கிகாபைட் நினைவகம் கொண்ட ஒரேயொரு பழைய சேவையகக் கணினிக்குள், லினக்ஸின் வலையமைப்பு நேம்ஸ்பேஸ்களைக் (ஒரே கணினிக்குள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கப்பட்ட தனி வலையமைப்புச் சூழல்கள்) கொண்டு ஆய்வுகூடம் முழுவதையும் அமைத்துக்கொள்கிறோம்.

இந்த ஏற்பாட்டுக்கு வேண்டிய அடிப்படை வசதிகள் லினக்ஸின் மையமான கேர்னலின், 2008 ஜனவரியில் வெளியான 2.6.24 பதிப்பிலேயே வரத் தொடங்கிவிட்டன. ஒவ்வொரு நேம்ஸ்பேஸுக்கும் சொந்தமாக இடைமுகங்கள், வழிப்படுத்தல் அட்டவணை, அயல் அட்டவணை, தீச்சுவர் விதிகள் ஆகியன உண்டு. இரண்டு நேம்ஸ்பேஸ்களை இணைக்கும் வயரின் வேலையை வீ-எத் எனப்படும் இரட்டை இடைமுகங்கள் செய்கின்றன. ஆளியின் வேலையை லினக்ஸ் பிரிட்ஜ் செய்கிறது. பணச் செலவின்றி நாற்பது கணுக்களை (தனிக் கணினியைப் போல நடந்துகொள்ளும் நேம்ஸ்பேஸ்களை) ஒரு மணித்தியாலத்துக்குள் எழுப்பிவிடலாம். ஆனால் ஒரு கணுவிலிருந்து புறப்பட்ட பொதி (வலையமைப்பில் அனுப்பப்படும் தரவுத் துண்டு) மற்றக் கணுவைச் சென்றடையாதபோது, கழற்றி மாட்டிப் பார்க்க வயரும் இல்லை, மினுங்குகிறதா என்று பார்க்க விளக்கும் இல்லை. எல்லாம் கேர்னல் என்ற ஒரே பெட்டிக்குள் நடப்பதால், பொதி எந்த இடத்தில், எதற்காகக் கைவிடப்பட்டது என்பதைக் கேர்னலிடமே கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே எழுதப்பட்ட கருவிதான் பி.டபிள்யூ.ஆர்.யூ. ஏறத்தாழ ஓராண்டாக வகுப்பில் அதைப் பயன்படுத்திய பின்னர் இதை எழுதுகிறேன்.

இதற்கு முன்னர் நாங்கள் நம்பியிருந்தது, ஓர் இடைமுகத்தைக் கடக்கும் பொதிகளைக் காட்டும் டிசிபி-டம்ப் என்ற பழைய, உறுதியான கருவியை. அதன் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. இன்றும் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். ஆனால் அது இரண்டு இறங்குதுறைகளிலும் ஆள் நிறுத்திக் கணக்கெடுப்பதைப் போன்றது. மூதூரில் படகில் ஏற்றிய மூட்டை திருகோணமலையில் இறங்கவில்லை என்று அது உறுதியாகச் சொல்லும். கொட்டியாரக்குடாவின் நடுவில் என்ன நடந்தது என்பதை அதனால் சொல்ல முடியாது. ட்ரொப்வொட்ச் என்ற இன்னொரு கருவி, கேர்னலின் எந்தச் செயற்கூற்றில் எத்தனை பொதிகள் கைவிடப்பட்டன என்று எண்ணிச் சொல்லும். நாற்பது கணுக்கள் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது, அந்த எண்ணிக்கையில் என் மாணவரின் பொதி எது, அக்கம்பக்கத்து இரைச்சல் எது என்று பிரித்தறிவதற்கு வழியில்லாமல் பல மாலைகளைச் செலவிட்டிருக்கிறோம். தீச்சுவரில் பதிவு விதி எழுதிப் பார்த்த அனுபவம் இன்னும் கடினமானது. நேம்ஸ்பேஸுக்குள் எழுதப்படும் பதிவு விதிகளின் செய்திகளைக் கேர்னல் இயல்பாக வெளியிடுவதில்லை என்பதும், அதற்கென உள்ள ஓர் அமைப்பின் பெறுமானத்தை 0 இலிருந்து 1 ஆக மாற்ற வேண்டும் என்பதும் தெரியாமல், செய்தி வரவில்லை ஆகவே பொதியும் அங்கு வரவில்லை என்ற தவறான முடிவுக்கு ஒரு முழு வகுப்பையும் நான் இட்டுச் சென்றிருக்கிறேன்.

பி.டபிள்யூ.ஆர்.யூ என்பது "பொதியே, நீ எங்கே?" என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள். மேகக்கணினிகளுக்கான வலையமைப்பு மென்பொருளான சிலியம் திட்டத்தைச் சேர்ந்தவர்கள் இதனை உருவாக்கிப் பராமரிக்கிறார்கள். கட்டணம் எதுவும் இல்லை; மூலநிரலும் திறந்தே இருக்கிறது. கேர்னலுக்குள் ஒரு பொதியைக் குறிக்கும் தரவமைப்பை உள்ளீடாகப் பெறும் செயற்கூறுகள் அனைத்தையும் இது தேடிக் கண்டுபிடித்து, அவை ஒவ்வொன்றின் வாசலிலும், கேர்னலுக்குள் சிறு நிரல்களை ஓட்ட உதவும் இ-பி.பி.எஃப் என்னும் தொழினுட்பத்தின் மூலம் ஒரு சிறு காவலாளியை நிறுத்துகிறது. எங்கள் கணினியில் இவ்வாறு நிறுத்தப்படும் காவலாளிகள் ஆயிரத்துக்கும் அதிகம். பொதி எந்த வாசலைக் கடந்தாலும் ஒரு வரி திரையில் விழும். கேர்னல் நிரலை மாற்ற வேண்டியதில்லை, கணினியை மீண்டும் தொடக்க வேண்டியதும் இல்லை. நேம்ஸ்பேஸ் ஒவ்வொன்றுக்குள்ளும் தனித்தனியாக நுழைய வேண்டிய தேவையும் இல்லாதபடி, வெளியிலிருந்து ஒருமுறை ஓட்டினால் எல்லாக் கணுக்களும் ஒரே பார்வைக்குள் வந்துவிடுகின்றன. மெய்நிகர் ஆய்வுகூடம் நடத்துபவருக்கு இந்தக் கடைசிப் பண்பின் மதிப்பு மிக அதிகம்.

நிறுவுவது எளிது. நூலகச் சார்புகள் எதுவும் தேவைப்படாத ஒரே கோப்பாக இது கிடைக்கிறது. டேட்டா கார்ட்டில் இறக்கி, ஒரு பென் டிரைவில் போட்டு, இணைய இணைப்பே இல்லாத ஆய்வுகூடக் கணினிக்குக் கொண்டுசென்று அப்படியே ஓட்டினேன். இயங்குவதற்குக் கேர்னல் குறைந்தது 5.3 ஆக இருக்க வேண்டும், 5.18 உம் அதற்கு மேலும் என்றால் காவலாளிகள் அனைவரையும் ஒரே மூச்சில் நிறுத்தும் வேகமான முறையைக் கருவி பயன்படுத்துகிறது. கேர்னல் தனது தரவமைப்புகளின் விவரத்தைத் தானே சுமந்திருக்கும் வகையில் கட்டப்பட்டிருப்பதும் அவசியம். அண்மைக்கால உபுண்டுக் கேர்னல்கள் அவ்வாறுதான் வருகின்றன. நிர்வாகி உரிமை இல்லாமல் ஓடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பொதி கைவிடப்பட்ட காரணத்தைக் கேர்னல் தானே பெயரிட்டுச் சொல்லும் வழக்கம் 2022 மார்ச்சில் வெளியான 5.17 இலிருந்துதான் தொடங்கியது. பிந்திய பதிப்புகளில் அந்தக் காரணங்களின் பட்டியல் நீண்டுகொண்டே போனது. உபுண்டு 22.04 உடன் முதலில் வந்த 5.15 கேர்னலில் இக்கருவி ஓடும், பொதி கடந்த பாதையையும் காட்டும், ஆனால் கைவிடப்பட்ட இடத்தில் காரணம் இருக்காது. உபுண்டு 24.04 உடன் வரும் 6.8 கேர்னலில் காரணமும் சேர்ந்து வரும். இக்கருவியின் பயனில் பாதி அந்தக் காரணச் சொல்லில்தான் இருக்கிறது என்பதால், முயன்று பார்க்க விரும்புபவர் முதலில் தம்முடைய கேர்னல் பதிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.

என் மனத்தில் இக்கருவிக்கு நிரந்தரமான இடத்தைப் பெற்றுத்தந்த சம்பவத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு சனிக்கிழமை வகுப்பில், ஒரு பிரிட்ஜின் கீழ் மூன்று கணுக்களை இணைக்கும் மிக எளிய பயிற்சியைக் கொடுத்திருந்தேன். முந்திய தவணையில் எந்தச் சிக்கலுமின்றி ஓடிய அதே கட்டளைக் கோப்பு. அன்று ஒரு கணுவிலிருந்து மற்றதற்குப் பிங் (எதிர்க் கணுவை எட்ட முடிகிறதா என்று சோதிக்கும் பொதி) போகவில்லை. விசித்திரம் என்னவென்றால், அயல் அட்டவணையைப் பார்த்தால் எதிர்க் கணுவின் வன்பொருள் முகவரி சரியாகப் பதிவாகியிருந்தது. அதாவது ஏ.ஆர்.பி கேள்வி (ஓர் ஐபி முகவரிக்குரிய வன்பொருள் முகவரி எது என்று கேட்பது) போயிருக்கிறது, பதிலும் திரும்பி வந்திருக்கிறது. அதே பாதையில் போன பிங் பொதி மட்டும் காணாமற்போயிருக்கிறது. அனுப்பும் பக்கத்து வீ-எத்தில் டிசிபி-டம்ப் பொதியைக் காட்டியது, பெறும் பக்கத்தில் காட்டவில்லை. நேம்ஸ்பேஸ்களுக்குள் தீச்சுவர் விதி ஒன்றுகூட இல்லை. பிரிட்ஜ் என்பது இரண்டாம் அடுக்குச் சாதனம், அதற்கும் ஐபி முகவரித் தீச்சுவருக்கும் தொடர்பில்லை என்று நானே கற்பித்திருந்ததால், அந்தத் திசையில் எவரும் யோசிக்கவில்லை. வீ-எத்தை அழித்து மீண்டும் உருவாக்கினோம், முகவரிகளை மாற்றினோம், கணினியை நிறுத்தி ஏற்றினோம். மதியம் ஆகிவிட்டது.

அன்று பிற்பகல்தான் இக்கருவியை முதன்முறையாக மாணவர்கள் முன் ஓட்டினேன். டிசிபி-டம்ப்பில் எழுதிப் பழகிய வடிகட்டி வாசகத்தையே இதற்கும் கொடுக்கலாம் என்பதால், குறித்த முகவரிக்குப் போகும் ஐ.சி.எம்.பி பொதிகள் (பிங் இந்த வகையே) மட்டும் என்று கொடுத்துவிட்டு, ஒரேயொரு பிங்கை அனுப்பச் சொன்னேன். திரையில் ஏறத்தாழ முப்பது வரிகள் விழுந்தன. மேலிருந்து படிக்கப் படிக்கப் பொதியின் பயணம் கண்முன் விரிந்தது: அனுப்பும் கணுவின் ஐபி அடுக்கிலிருந்து வெளியேறுகிறது, வீ-எத் எக்ஸ்மிட் என்ற செயற்கூற்றைக் கடக்கிறது, அந்த வரிக்குப் பின்னர் நேம்ஸ்பேஸ் எண் மாறுகிறது, பிரிட்ஜின் கைக்குப் போகிறது. அதன் பின்னர் வந்த பெயர்கள்தான் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தன. பி.ஆர்-என்.எஃப் என்று தொடங்கும் சில செயற்கூறுகள், அதாவது பிரிட்ஜ் தனது பொதியைக் கேர்னலின் தீச்சுவரான நெட்ஃபில்டரிடம் ஒப்படைக்கும் செயற்கூறுகள்; உடனே கீழே என்.எஃப் ஹூக் ஸ்லோ; அதற்குக் கீழே கே-ஃப்ரீ எஸ்.கே.பி ரீசன் என்ற கடைசி வரியும், அதனருகில் நெட்ஃபில்டர் ட்ரொப் என்ற காரணமும். பொதியை வீழ்த்தியது தீச்சுவர். எந்த நேம்ஸ்பேஸின் தீச்சுவர் என்பதற்கும் அதே வரியில் விடை இருந்தது: பிரிட்ஜ் இருந்த தாய்க் கணினியின் நேம்ஸ்பேஸ் எண்தான் அங்கே அச்சாகியிருந்தது.

மிகுதியைத் தேடிப் பிடிக்கப் பத்து நிமிடங்கள் போதுமாக இருந்தன. முந்திய வாரம் வேறொரு பயிற்சிக்காக அதே கணினியில், நிரல்களைத் தனித்தனிப் பெட்டகங்களில் ஓட்டும் டொக்கர் நிறுவப்பட்டிருந்தது. டொக்கர், தனது பாதுகாப்பு வடிவமைப்பின் ஒரு பகுதியாக, முன்னனுப்பல் சங்கிலியின் (கணினியைக் கடந்து வேறிடம் செல்லும் பொதிகளுக்கான தீச்சுவர் விதிகளின்) இயல்புக் கொள்கையைக் கைவிடல் என்று மாற்றுகிறது. இது அதன் ஆவணங்களில் வெளிப்படையாகச் சொல்லப்பட்ட நடத்தை. அதேவேளை, பிரிட்ஜ் வழியே போகும் பொதிகளையும் ஐபி-டேபிள்ஸ் என்ற தீச்சுவர் விதிகளுக்கு உட்படுத்தும் கேர்னல் தொகுதியும் கணினியில் ஏற்றப்பட்டிருந்தது. அத்தொகுதி ஏற்றப்பட்ட உடனேயே அதற்குரிய அமைப்பின் பெறுமானம் 1 ஆக இருக்கும். இரண்டும் சேர்ந்தபோது எங்கள் பிரிட்ஜைக் கடந்த ஐபி பொதிகள் அனைத்தும் விழுந்தன. ஏ.ஆர்.பி, ஐபி பொதி அல்லாததால் அந்த விதிகளுக்கு அகப்படாமல் தப்பிச் சென்றது. காலையில் எங்களைக் குழப்பிய அடையாளம் உண்மையில் மிகத் தெளிவான துப்பு என்பது அப்போதுதான் விளங்கியது.

சரிசெய்யும் வழியைப் பற்றியும் ஒரு சொல். அந்த அமைப்பை 0 ஆக்கினால் பிங் உடனே போகும் என்றாலும், டொக்கர் பெட்டகங்கள் அதனை நம்பியிருக்கக் கூடும் என்பதால் நான் அதை விரும்பவில்லை. டொக்கர் பயனருக்கென்று விட்டுவைத்திருக்கும் சங்கிலியில் எங்கள் பிரிட்ஜின் போக்குவரத்தை அனுமதிக்கும் விதியொன்றைச் சேர்ப்பது இன்னொரு வழி. நாங்கள் இறுதியில் தேர்ந்தது மூன்றாவதை: ஆய்வுகூடத்தின் பிரிட்ஜ்களையே தனியான ஒரு நேம்ஸ்பேஸுக்குள் வைத்துவிட்டோம். தீச்சுவர் விதிகள் நேம்ஸ்பேஸுக்கு நேம்ஸ்பேஸ் வேறு என்பதால், தாய்க் கணினியில் எவர் எதை நிறுவினாலும் எங்கள் ஆளிகளை அது தொடுவதில்லை. அன்றிலிருந்து எல்லாப் பயிற்சிகளையும் இப்படித்தான் அமைக்கிறோம்.

வெளியீட்டைப் படிப்பதற்குப் பழக்கம் வேண்டும். ஒவ்வொரு வரியிலும் பொதியின் நினைவக முகவரி, செயலி எண், செயல்முறையின் பெயர், நேம்ஸ்பேஸ் எண், இடைமுகம், எம்.டி.யூ (இடைமுகம் ஏற்கும் பொதியின் உச்ச அளவு), நீளம், அனுப்புநர் பெறுநர் முகவரிகள், கடைசியாகச் செயற்கூற்றின் பெயர் என்று வரிசையாக வருகின்றன. புதியவர் ஒருவர் இதைக் கண்டதும் மலைத்துப்போவது இயல்பு. என் மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முறை, முதலில் கடைசி வரியைப் பார்ப்பது. கொன்ஸ்யூம் எஸ்.கே.பி என்று முடிந்தால் பொதி தன் வேலையை முடித்து இயல்பாக விடுவிக்கப்பட்டிருக்கிறது, கே-ஃப்ரீ எஸ்.கே.பி என்று முடிந்தால் அது கைவிடப்பட்டிருக்கிறது. இந்த வேறுபாட்டை அறியாமல், நலமாகச் சேர்ந்த பொதியைத் தொலைந்ததாக எண்ணித் துரத்தியவர்கள் எங்கள் வகுப்பில் பலர்.

நேம்ஸ்பேஸ் எண் பத்து இலக்கங்களைக் கொண்டது. நாங்கள் சூட்டிய பெயரைக் கருவி காட்டுவதில்லை. ஆகவே எந்த எண் எந்தக் கணுவுக்குரியது என்ற பட்டியலை முன்கூட்டியே எடுத்து அருகில் வைத்துக்கொள்ள வேண்டும். நேம்ஸ்பேஸ் கோப்புகளின் ஐநோட் எண்களே அவை என்பதால், ஒரு வரிக் கட்டளையில் அந்தப் பட்டியல் கிடைத்துவிடும். செயல்முறைப் பெயர் உள்ள நெடுவரிசையை நம்பவே கூடாது: பொதி அந்த இடத்தைக் கடந்த கணத்தில் செயலியில் ஓடிக்கொண்டிருந்த நிரலின் பெயரைத்தான் அது காட்டுகிறது, பொதிக்குச் சொந்தமான நிரலை அன்று. தொடர்பே இல்லாத ஒரு நிரலின் பெயர் அங்கே நிற்பதைக் கண்டு, அதுதான் பொதியை விழுங்குகிறது என்று ஒரு மாணவி அதனை நிறுத்தியும்விட்டார். அவரைக் குறைசொல்ல முடியாது. அந்த நெடுவரிசையின் தலைப்பு அப்படித்தான் எண்ணத் தூண்டுகிறது. வழியில் முகவரி மாற்றப்படும் பொதிகளுக்கு, தொடர்ந்து பின்தொடரும் தெரிவை மறக்காமல் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முகவரி மாறிய இடத்தோடு வடிகட்டிக்குப் பொருந்தாமல் வரிகள் நின்றுவிடும், பொதி அங்கேயே விழுந்துவிட்டதோ என்ற மயக்கம் ஏற்படும்.

போகும் வழியும் திரும்பும் வழியும் வேறு வேறாக அமைந்த மூன்று ரூட்டர் பயிற்சியில் கிடைத்த விடை மிகச் சுருக்கமானது: ஐபி ஆர்.பி ஃபில்டர் என்ற காரணம் ஒரே ஓட்டத்தில் வந்து நின்றது. எவரோ ஒருவரின் பாதுகாப்புப் பட்டியலைப் பார்த்து, மீள்வழிச் சோதனையை (பொதி வந்த இடைமுகம் வழியாகவே அதன் அனுப்புநருக்குத் திரும்பும் வழி உண்டா என்று பார்ப்பதை) கண்டிப்பான நிலையான 1 இல் வைத்திருந்தோம். இதில் பலரும் சறுக்குமிடம், பொது அமைப்பை மட்டும் 0 ஆக்கிவிட்டு முடிந்தது என்று எண்ணுவது. பொதுவிலும் குறித்த இடைமுகத்திலும் உள்ள இரண்டு பெறுமானங்களில் பெரியதையே கேர்னல் எடுத்துக்கொள்கிறது, ஆகவே இரண்டையும் மாற்ற வேண்டும்.

கருவி திணறிய இடங்களையும் அதே அக்கறையோடு சொல்லியாக வேண்டும். இரண்டு கணினிகளை, ஒரு பொதியை இன்னொன்றுக்குள் வைத்து அனுப்பும் வி.எக்ஸ்-லான் சுரங்கத்தால் இணைத்து, இரு பக்கத்துக் கணுக்களையும் ஒரே பிரிட்ஜில் இருப்பதுபோல அமைத்திருந்தோம். 1,400 பைட் பிங் போனது. துண்டாக்க வேண்டாம் என்ற கட்டளையோடு அனுப்பிய 1,472 பைட் பிங் போகவில்லை. வி.எக்ஸ்-லான் ஒவ்வொரு பொதிக்கும் 50 பைட் மேலுறையைச் சேர்ப்பதால் சுரங்க இடைமுகத்தின் எம்.டி.யூ 1,450 ஆக இருக்கிறது, கணுக்களின் பக்கமோ 1,500. தலைப்புகளையும் சேர்த்தால் 1,500 ஆகிவிடும் எங்கள் பிங்குக்கு அதில் இடமில்லை. அனுபவம் உள்ளவர் இதை ஊகித்துவிடுவார். ஆனால் கருவி காட்டிய காரணம், காரணம் குறிப்பிடப்படவில்லை என்பதே. இதே பொதியை ஒரு ரூட்டர் கைவிட்டிருந்தால், பொதி பெரிது என்ற காரணமும் அனுப்புநருக்கு ஒரு ஐ.சி.எம்.பி அறிவித்தலும் கிடைத்திருக்கும். பிரிட்ஜோ வாய்திறவாமல் கைவிடுகிறது, கேர்னல் நிரலின் அந்த இடத்தில் காரணமும் எழுதப்படவில்லை. கருவி தனக்குச் சொல்லப்படாததைச் சொல்ல முடியாது என்பது நியாயம்தான். எனினும் காரணச் சொல்லை மட்டும் நம்பிப் பழகிய மாணவர்கள் அந்த இடத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அதற்கு முந்திய வரியில் பிரிட்ஜின் வெளியேற்றச் செயற்கூற்றின் பெயர் இருந்தது. கேர்னல் மூலநிரலில் அச்செயற்கூற்றைத் திறந்து, நீளத்தைச் சரிபார்க்கும் நிபந்தனையைக் கண்ட பிறகே விடயம் தெளிவாகியது. அன்றைய வகுப்பில் அவர்கள் கற்றது, நான் திட்டமிட்டிருந்ததைவிட அதிகம்.

தாமதத்தையும் இழப்பையும் செயற்கையாக உண்டாக்கும் நெட்-எம்மைக் கொண்டு செய்த பயிற்சியில் நிலைமை வேறு. தொலைதூர இணைப்பை ஒத்த தாமதத்தை உருவாக்க, ஒரு வீ-எத்தில் 100 மில்லிசெக்கன் தாமதம் மட்டும் கொடுத்திருந்தோம், இழப்பு வீதம் எதையும் கொடுக்கவில்லை. வேகத்தை அளக்கும் ஐபெர்ஃபை ஓட்டியபோது பொதிகள் தாராளமாக விழுந்தன. பி.டபிள்யூ.ஆர்.யூ அதற்கு, வரிசை கைவிட்டது என்ற பொதுவான காரணத்தைத்தான் காட்டியது. நாமே வேண்டுமென்று கொடுக்கும் இழப்பு வீதத்தால் விழும் பொதிக்கும், வரிசை நிரம்பியதால் விழும் பொதிக்கும் எங்கள் 6.8 கேர்னலில் ஒரே காரணம்தான் வந்தது. விடை கிடைத்தது, பொதி வரிசைகளை நிர்வகிக்கும் டிசி கட்டளையின் புள்ளிவிவரத்தில்: தேங்கியிருந்த பொதிகள் 1,000 இல் முட்டிக்கொண்டு நின்றன. நெட்-எம்மின் இயல்பு வரிசை எல்லை 1,000 பொதிகள். செக்கனுக்கு 1 கிகாபிட் வேகத்தில், 100 மில்லிசெக்கன் தாமதத்துக்குள் 1,500 பைட் பொதிகள் 8,300 அளவில் காத்திருக்க வேண்டும். எல்லையை 20,000 ஆக உயர்த்தியதும் இழப்பு நின்றுவிட்டது. நெட்-எம்மைக் கொண்டு தாமதத்தை அளக்கும் எவரும் இந்தக் கணக்கை முதலில் ஒரு தாளில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இழப்பைத் தாமதத்தின் விளைவு என்று அறிக்கையில் எழுதிவிடுவது மிக எளிதில் நேர்ந்துவிடும் தவறு.

இக்கருவி கணினிக்கு இலேசான சுமை அன்று. ஆயிரக்கணக்கான வாசல்களில் காவல் நிற்கும்போது ஒவ்வொரு பொதியும் மெதுவாகவே நகரும். வேக அளவீடு நடந்துகொண்டிருக்கும்போது இதை ஓட்டினால், அளவீடும் கெடும், வெளியீடும் வெள்ளமாகப் பாயும். ஒரே பொதியை அனுப்பி ஒரே பயணத்தைப் படிப்பதே இதற்கு ஏற்ற முறை. கேர்னலின் தொகுப்பியால் வேறொரு செயற்கூற்றுக்குள் கரைக்கப்பட்டுவிட்ட சிறு செயற்கூறுகள் திரையில் தோன்றமாட்டா. ஆகவே பாதையில் இடைவெளி தெரிந்தால் அதைப் பிழை என்று கருதத் தேவையில்லை. உண்மையான வலையமைப்பு அட்டையின் வாசலிலேயே, கேர்னல் பொதியாக உருவெடுக்கும் முன்னரே தொலைந்தவற்றை இதனிடம் கேட்டுப் பயனில்லை. அவற்றுக்கு, அட்டையின் நிலையைக் காட்டும் ஈத்-டூலின் எண்ணிகள்தான் வழி.

சிலியம் போன்றவற்றைக் கொண்டு பெரிய மேகக்கணினி ஏற்பாடுகளை நடத்துவோருக்காக எழுதப்பட்ட கருவி இது. அதன் ஆவணங்களும் அவர்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருக்கின்றன. ஒற்றைக் கணினியில் வீ-எத்தும் பிரிட்ஜும் வைத்துப் படிக்கும் மாணவருக்கு அங்கே படிப்படியான வழிகாட்டல் குறைவு. அந்தக் குறையை நிரப்ப, அடிக்கடி எதிர்ப்படும் காரணங்களைத் தமிழில் விளக்கி ஒரு தாளில் அச்சிட்டு வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்: பொதி பெற எந்த நிரலும் காத்திருக்கவில்லை, தீச்சுவர் தடுத்தது, மீள்வழி பொருந்தவில்லை, செயலியின் காத்திருப்பு வரிசை நிரம்பியது என்று. கடைசியாகச் சொன்னதைக் கண்டால் உடனே கேர்னலின் பின்வரிசை எல்லையைப் பார்க்குமாறு அருகில் குறித்திருக்கிறோம். அதன் இயல்புப் பெறுமானமும் 1,000 தான், நாற்பது கணுக்கள் ஒரே நேரத்தில் பொதிகளைப் பொழியும்போது அது போதாது.

வலையமைப்பைக் கற்பிப்பவர்களுக்கும், மெய்நிகர் கணுக்களோடு நாள்தோறும் மல்லுக்கட்டுபவர்களுக்கும் இக்கருவியைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். வலையமைப்பின் அடுக்குகளை இன்னும் படித்து முடிக்காதவருக்கு இதனை முதல் கருவியாகக் கொடுக்கமாட்டேன்; அவர் முதலில் டிசிபி-டம்ப்பையும் அயல் அட்டவணையையும் வழிப்படுத்தல் அட்டவணையையும் கேள்வி கேட்கப் பழகட்டும். உதவிக்கு அழைக்க மூத்த பொறியியலாளர் எவரும் அருகில் இல்லாத எங்களைப் போன்ற ஊர்களில், கேர்னலே வாய்திறந்து பதில் சொல்வது எவ்வளவு பெரிய துணை என்பதைப் பிரிட்ஜோடு போராடிய அந்தச் சனிக்கிழமையில் இருந்தவர்கள் அறிவார்கள்.

அறையின் மூலையில் 5.15 கேர்னலோடு இன்னொரு பழைய கணினி இருக்கிறது. அதைப் புதுப்பிக்கலாம் என்று எண்ணியிருந்தேன், இப்போது வேண்டுமென்றே அப்படியே விட்டிருக்கிறேன். அதில் காரணச் சொல் வருவதில்லை. செயற்கூறுகளின் வரிசை மட்டும் வரும். புதிய மாணவர்கள் முதல் மூன்று வாரங்களும் அந்தக் கணினியில்தான் பொதிகளைத் தேடுகிறார்கள்.